கைதட்டல் ஒட்டும் வேலை

என் கம்ப்யூட்டரில் ‘கிளாப்ஸ்’ என்று ஒரு ஃபோல்டர் இருக்கிறது. பல வருஷமாகச் சேர்த்தது. சின்ன ஹால் கைதட்டல், மைதானக் கைதட்டல், விசிலோடு ஒன்று, விசில் இல்லாமல் ஒன்று (பக்திப் பாடல் நிகழ்ச்சிகளுக்கு). மழை வரும்போல இருந்த ஒரு மாலையில் பாதி ஜனம் எழுந்துபோன பிறகு மிச்சம் இருந்தவர்கள் தட்டிய சோகமான கைதட்டல்கூட உண்டு. எந்த ஊரில், எந்த வருஷம், யாருக்குத் தட்டியது என்று எதிலும் எழுதி வைக்கவில்லை. தேவைப்படவில்லை. யாருக்கோ தட்டியதை எடுத்து இன்னொருவர் பாட்டுக்குப் பின்னால் ஒட்டுவது என் வேலையில் ஒரு பகுதி.

மேடைக் கச்சேரிகளை ஆல்பமாக மிக்ஸ் செய்கிறவன் நான். நிகழ்ச்சி முடிந்த இரண்டு நாளில் ஹார்ட் டிஸ்க் வந்து சேரும். திறந்தால் அறுபது, எழுபது டிராக், ஒவ்வொரு மைக்கும் தனித்தனியாகப் பதிவானது. டிரம்ஸுக்கே பத்துப் பன்னிரண்டு. கடைசியில் அநாதைகள் மாதிரி இரண்டு டிராக் கிடக்கும், கூட்டத்தைப் பார்த்து வைத்த மைக்குகள். புதிதாக வேலைக்கு வரும் பையன்கள் முதல் காரியமாக அந்த இரண்டையும் மியூட் செய்துவிடுவார்கள். அவர்களைக் குறை சொல்ல முடியாது. மேடையிலிருந்து 30 மீட்டர் தள்ளி மைக் இருந்தால், பாட்டு அங்கே போய்ச் சேர ஏறக்குறைய 90 மில்லி செகண்ட் ஆகும். அதை அப்படியே கலந்தால் ஒவ்வொரு அடிக்கும் பின்னால் இன்னொரு அடி கேட்கும், கிணற்றுக்குள் தவில் வாசித்த மாதிரி. டிராக்கை இழுத்துப் பொருத்த வேண்டும், கீழ்ச்சத்தத்தை வெட்ட வேண்டும், யாரோ மைக் பக்கத்திலேயே நின்று போன் பேசியிருந்தால் அதையும் எடுக்க வேண்டும். இத்தனை பாடுபடுவதற்கு மியூட் பொத்தான் எவ்வளவோ மேல்.

பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் அப்படி ஒரு ஹார்ட் டிஸ்க் வந்தது. சினிமாப் பாட்டும் சொந்தப் பாட்டும் பாடுகிற ஒரு பாடகர், வெளியூரில் ஒரு மைதானம், நல்ல கூட்டம். ஒன்பதாவது பாட்டின் சரணத்தில் மேல் ஸ்தாயிக்குப் போகிற இடத்தில் அவருக்குக் குரல் உடைந்துவிட்டது. இரண்டரை மணி நேரம் பாடியவர், பாவம். சட்டென்று மைக்கைக் கூட்டத்தை நோக்கித் திருப்பிவிட்டார். ஜனம் அந்த வரியை எடுத்துப் பாடியது. ஒரு அரைக்கட்டை கீழே, ஆளாளுக்கு ஒரு வேகத்தில்.

தயாரிப்பாளர் கேட்டுவிட்டு, “தம்பி, இது வெளியே போற சரக்கு. வீட்ல உக்காந்து கேக்குறவனுக்கு இந்தக் கூச்சல் எதுக்கு?” என்றார். சரி என்றேன். பாடகர் ஸ்டுடியோவுக்கு வந்தார். ஏசி அறை, வெந்நீர், ஹெட்போன். மூன்றாவது டேக்கில் அந்த வரியைப் பிசிறில்லாமல் பாடிக் கொடுத்தார். அதை மேடைக் குரல் இருந்த இடத்தில் வைத்தேன். வைத்துக் கேட்டால், புதுக் குரலுக்குப் பின்னால் பழைய குரல் உடைவது மெல்லக் கேட்கிறது. கூட்டத்து மைக்குகளில் ஸ்பீக்கர் வழியாகப் போன பழைய குரல் பதிந்திருந்தது. அதை மட்டும் தனியாக உருவி எடுக்க அன்றைக்கு என்னிடம் வழியில்லை. அதனால் அந்த இடத்தில் கூட்டத்தையே வெட்டிவிட்டு, நாலாவது பாட்டின் முடிவில் இருந்த கைதட்டலைக் கொண்டுவந்து ஒட்டினேன். இரண்டு பக்கமும் சத்தம் மெல்ல ஏறி மெல்லத் தேய்கிற மாதிரி ஃபேட் கொடுத்து, மேலே கொஞ்சம் ரிவர்ப் (செயற்கை எதிரொலி) போட்டு மறைத்தேன். தையல் தெரியாமல் ஜாக்கெட்டைப் பிரித்துத் தைத்த டெய்லரின் பெருமை இருந்தது எனக்கு.

ஆல்பம் வந்தது. ஒரு பத்திரிகையில் சின்னதாக ஒரு விமர்சனம். எழுதியவர் யாரென்று இன்றைக்கும் தெரியாது. எல்லாம் சுத்தமாக இருக்கிறது, ஆனால் யாரும் அங்கே இருந்ததாகத் தெரியவில்லை என்கிற மாதிரி எழுதியிருந்தார். அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. நாலாவது பாட்டில் விசிலடித்த அதே ஆள் ஒன்பதாவது பாட்டிலும் அதே விசிலை அடிக்கிறார் என்றும் எழுதிவிட்டார்.

இரண்டு நாள் ஆத்திரமாக இருந்தது. பொய்யாக எழுதியிருந்தால் இவ்வளவு வந்திருக்காது.

எனக்குத் தொழில் சொல்லிக்கொடுத்தவர், டேப் காலத்து இன்ஜினியர், விஷயத்தைக் கேட்டுவிட்டு நன்றாகச் சிரித்தார். “விசிலையாவது மாத்திப் போட்டிருக்கலாமேடா” என்றார். அப்புறம் உள்ளே போய் ஒரு சிடியைக் கொண்டுவந்து கொடுத்தார். அமெரிக்கப் பாடகர் சாம் குக், 1963ஆம் வருஷம் ஹார்லெம் ஸ்கொயர் கிளப்பில் பாடியது. “ஹெட்போன்ல கேக்காத. ஸ்பீக்கர்ல சத்தமா வச்சுக் கேளு.”

சாம் குக்கை அதற்கு முன் கேட்டிருக்கிறேன். வெண்ணெய்க் குரல். சர்ச்சில் சோல் ஸ்டிரர்ஸ் குழுவோடு பக்திப் பாட்டு பாடிக்கொண்டிருந்தவர், 1957இல் ‘யூ செண்ட் மீ’ என்ற காதல் பாட்டோடு பாப் பக்கம் வந்து பட்டியலில் முதல் இடத்தைப் பிடித்தவர். கறுப்பர், வெள்ளையர் இரண்டு பேர் வீட்டு ரேடியோவிலும் ஒலித்த குரல். அந்த மென்மைதான் அவருடைய முதலீடு, அவரை வைத்திருந்த ஆர்சிஏ ரெக்கார்டு கம்பெனியின் முதலீடும் அதுதான்.

இந்த ரெக்கார்டில் அந்த வெண்ணெய் இல்லை. முதல் பாட்டிலேயே குரல் கரகரக்கிறது. மயாமியில் ஓவர்டவுன் என்கிற கறுப்பர் குடியிருப்புப் பகுதி, ஜனவரி 12 இரவு. கடற்கரை ஓட்டல்களில் பாட மட்டும் கறுப்பர்களை அனுமதித்து, ராத்தங்க இடம் கொடுக்காத காலம் அது. பாடி முடித்தவர்கள் தங்க வருவது ஓவர்டவுனுக்குத்தான். அந்தப் பகுதியின் கிளப்பில், தன் ஜனத்துக்கு முன்னால், 32 வயது ஆக இன்னும் பத்து நாள் இருக்கிற ஒருவர் பாடுகிறார். பக்கத்தில் கிங் கர்டிஸின் சாக்ஸஃபோன். ‘செயின் கேங்’ பாட்டில் அவர் முனக, கூட்டம் திருப்பி முனகுகிறது. ‘ஃபார் சென்டிமென்டல் ரீசன்ஸ்’ பாட்டில் அவர் மெல்ல இறங்கிக்கொள்ள, ஜனம் தானாகவே பாட்டைத் தூக்கிக்கொண்டு போகிறது. சுருதி முன்னே பின்னே இருக்கிறது. அவர் தடுக்கவில்லை, இடையிடையே ஏற்றிவிடுகிறார்.

அந்த இடம் வந்தபோது நான் ஸ்பீக்கருக்கு முன்னால் எழுந்து நின்றுவிட்டேன். நான் வெட்டி எறிந்தது இதைத்தான்.

அப்புறம்தான் அந்த ரெக்கார்டின் கதையைப் படித்தேன். கம்பெனி அந்த டேப்பைக் கேட்டுவிட்டு, இது ரொம்ப முரட்டுத்தனமாக இருக்கிறது, இவருடைய பாப் பெயருக்கு ஆகாது என்று தூக்கி அலமாரியில் வைத்துவிட்டது. 1964 டிசம்பர் 11ஆம் தேதி லாஸ் ஏஞ்சலஸில் ஒரு மோட்டலில் சாம் குக் சுட்டுக்கொல்லப்பட்டார். அப்போது வயது 33. டேப் அலமாரியிலேயே இருந்தது. 1985இல்தான் வெளியே வந்தது, பதிவாகி 22 வருஷம் கழித்து. விமர்சகர்கள் கொண்டாடித் தீர்த்தார்கள். ரோலிங் ஸ்டோன் பத்திரிகையின் மிகச் சிறந்த 500 ஆல்பங்கள் பட்டியலில் இடம்பிடித்தது. மேடை ஆல்பம் என்று பேச்சு வந்தால் இன்றும் அதன் பெயர் வராமல் இருக்காது. எது முரடு என்று கம்பெனி ஒதுக்கியதோ அதையே உயிர் என்று இவர்கள் எழுதினார்கள். டேப்பில் ஒரு நொடி மாறவில்லை.

கம்பெனியைத் திட்டுவது சுலபம். நானும் கொஞ்ச நாள் திட்டினேன். ஆனால் 1963 ஜனவரியில் அந்த மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன் என்று யோசித்தால் கூச்சமாக இருக்கிறது. “சார், கூட்டத்தை ஆறு டெசிபல் இறக்கித் தரவா?” என்றுதான் கேட்டிருப்பேன். மூன்று மாதம் முன்னால், 1962 அக்டோபரில், ஜேம்ஸ் பிரவுன் என்கிற இன்னொரு கறுப்புப் பாடகர் நியூயார்க்கின் அப்பல்லோ தியேட்டரில் தன் கச்சேரியைப் பதிவு செய்தார். அவருடைய கம்பெனி முதலாளிக்கும் நம்பிக்கை இல்லை. கைக்காசைப் போட்டுத்தான் செய்தார். மறு வருஷம் வெளியாகி பில்போர்டு பத்திரிகையின் ஆல்பப் பட்டியலில் 66 வாரம் நின்றது. அங்கேயும் பெண்கள் வீறிட்டுக் கத்துகிறார்கள், அதுதான் விற்றது. ஆனால் ஆர்சிஏ அந்த டேப்பைக் கேட்ட சமயத்தில் இந்தக் கணக்கு யாருக்கும் தெரியாது.

இந்த ஆல்பத்தைப் பற்றி வருகிற பாராட்டுகளில் ஒன்று மட்டும் எனக்கு ஒட்டவே இல்லை. ‘இதுதான் நிஜமான சாம் குக்’ என்பார்கள். அதைச் சொன்ன கையோடு, அவர் உயிரோடு இருந்தபோதே வந்த இன்னொரு மேடை ஆல்பத்தை மட்டம் தட்டுவார்கள். அது நியூயார்க்கின் கோப்பகபானா கிளப்பில் 1964 ஜூலையில் பதிவானது. மேஜைகளில் சாப்பிட்டுக்கொண்டே பாட்டுக் கேட்கிற, பெரும்பாலும் வெள்ளைக்காரக் கூட்டம். 1958இல் அதே மேடையில் ஏறிச் சரியாக எடுபடாமல் இறங்கியவர் அவர். ஆறு வருஷம் கழித்து டைம்ஸ் சதுக்கத்தில் பெரிய விளம்பரப் பலகையோடு திரும்பிப் போய் ஜெயித்தார். அந்த ரெக்கார்டையும் நான் வேலைக்காரன் காதோடு பலமுறை கேட்டிருக்கிறேன். ஒரு எழுத்து தவறாத உச்சரிப்பு, மூச்சு எங்கே எடுக்கிறார் என்றே தெரியாத நிதானம். அந்தச் சாப்பாட்டு மேஜைகளுக்கு முன்னால் ‘புளோயிங் இன் த விண்ட்’ பாடுகிறார். அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது? கல்யாண வீட்டில் ஒரு மாதிரியும் கோயில் கொடையில் வேறு மாதிரியும் வாசிக்கிற நாகஸ்வரக்காரர் எதில் நிஜம் என்று யாராவது கேட்போமா? அந்த மனிதருக்கு எதிரில் யார் இருக்கிறார்கள் என்று தெரிந்திருந்தது. அவ்வளவுதான். வியர்த்தால்தான் நிஜம் என்பது விமர்சகர்களின் ஆசை, அதில் கொஞ்சம் கறுப்புப் பாடகர் என்றால் இப்படித்தான் பாட வேண்டும் என்கிற எதிர்பார்ப்பும் கலந்திருக்கிறதோ என்று எனக்குச் சந்தேகம் உண்டு.

இன்னொன்று, தொழில் தெரிந்தவர்கள் மட்டும் கவனிப்பது. ஹார்லெம் ஸ்கொயர் ஆல்பமே ஒன்றல்ல. 1985இல் வந்தது ஒரு மிக்ஸ், 2000இல் வந்த தொகுப்பில் ஒன்று, 2005இல் மறுபதிப்பாக வந்ததில் ஒன்று. குரலுக்கும் கூட்டத்துக்கும் உள்ள விகிதம் மூன்றிலும் ஒரே மாதிரி இல்லை. எது உசத்தி என்று ரசிகர்கள் அடித்துக்கொள்கிறார்கள். அந்தச் சண்டையைப் படிக்க எனக்கு அலாதி சந்தோஷம். சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரைக் கட்டை விரலால் ஒரு நூல் ஏற்றி இறக்குகிற ஆளை உலகம் கவனிக்கிற அபூர்வமான சந்தர்ப்பம் அது.

என் ‘கிளாப்ஸ்’ ஃபோல்டரை அழித்துவிட்டேன் என்று எழுதினால் நன்றாக இருக்கும். அழிக்கவில்லை. அமெரிக்கப் பாடகர் ஜானி கேஷ் 1968இல் ஃபால்சம் சிறைக்குள் போய்ப் பாடிய ஆல்பத்தைக் கேட்காத விமர்சகர் இருக்க மாட்டார். அதன் முதல் பாட்டில், ஒருவனைச் சுட்டதாக வருகிற வரிக்குக் கைதிகள் எழுப்புகிற ஆரவாரம் கேட்டால் உடம்பு சிலிர்க்கும். அது பின்னால் ஸ்டுடியோவில் ஒட்டியது. மேடையில் அந்த வரிக்கு அப்படி யாரும் கத்தவில்லை. ஒட்டியவர் விசிலைச் சரியாகப் பார்த்துத்தான் ஒட்டியிருக்கிறார்.

மாறியது ஒன்றே ஒன்றுதான். இப்போது கூட்டத்து மைக்குகளை முதலில் திறக்கிறேன். பாட்டு முழுவதையும் அந்த இரண்டு டிராக்கில் மட்டும் ஒருமுறை கேட்டுவிட்டுத்தான் மற்றதைத் தொடுவேன். ஜனம் எங்கே பேச்சை நிறுத்துகிறது, எங்கே ஒரு பையன் அடுத்த வரியை முந்திப் பாடிவிட்டு வெட்கப்பட்டு நிறுத்துகிறான் என்று குறித்து வைப்பேன். இதற்குத் தனியாக ஒரு நாள் ஆகும், அதற்குக் காசு கிடையாது. தயாரிப்பாளர்கள் இன்றைக்கும் கூட்டத்தை இறக்கச் சொல்கிறார்கள். பாதி நேரம் இறக்குகிறேன். மீதி நேரம், “இறக்கிட்டேன் சார்” என்கிறேன்.

போன மாதம் பழைய டிஸ்க்குகளை ஒழுங்குபடுத்தும்போது அந்தப் பன்னிரண்டு வருஷத்து நிகழ்ச்சி கையில் கிடைத்தது. இணைத்தால் டிக் டிக்கென்று ஒரு சத்தம், சீக்கிரம் போகப்போகிறது என்று அர்த்தம். அசிஸ்டென்ட் பையனைக் கூப்பிட்டு, ஒன்பதாவது பாட்டை எதுவும் தொடாமல் அப்படியே ஓட விட்டேன். குரல் உடைந்தது. ஒரு நொடி ஒன்றுமில்லை. அப்புறம் இடது பக்கத்திலிருந்து யாரோ ஒரு பெண் அந்த வரியை ஆரம்பித்தார், அதன் பின்னால் மைதானமே வந்தது.

“சார், ரிலீஸ்ல இது இல்லையே” என்றான்.

“இல்ல.”

“ஏன் சார்?”

“முதல்ல காப்பி எடு. டிஸ்க் நிக்கப் போகுது.”

எடுத்தான். “ஃபோல்டருக்கு என்ன பேர் சார் போட? கிளாப்ஸ்லயே போட்டுடவா?”

“வேண்டாம். தனியா வை. பாட்டு பேர், தேதி போடு. ஊர் பேரையும் போடு.”