பூவைப் பார்க்காதே, அடியைப் பார்!

நாலு கிலோமீட்டருக்கு இருபத்தைந்து யூரோ! ஒரு யூரோ என்றால் நூறு ரூபாய் என்று மனசு பெருக்கிக்கொண்டே இருந்ததால் வயிறு எரிந்தது. பெல்ஜியத்தின் ஈப்பர் ஊரிலிருந்து ஹூகே அருங்காட்சியகத்துக்குப் போன டாக்ஸியைத்தான் சொல்கிறேன். மீட்டரைப் பற்றிக் கேட்டதற்கு ஓட்டுநர் சிரித்தார், அவ்வளவுதான். திரும்பும்போது வீம்புக்கு மழையில் நடந்தே வந்தேன். நீங்கள் போனால் சைக்கிள் வாடகைக்கு எடுங்கள்.

ஹூகேயில் அருங்காட்சியகம் இருப்பது ஒரு பழைய சிற்றாலயத்தில். அங்கேதான் முதல் உலகப் போர்க் காலத்துப் பீரங்கித் தோட்டாக்களின் பித்தளைக் கூடுகள் பூச்சாடிகளாக மாறி நிற்பதைப் பார்த்தேன். ‘டிரெஞ்ச் ஆர்ட்’, அதாவது பதுங்குகுழிக் கலை என்கிறார்கள். இடுப்பைப் பிடித்து இறுக்கியது போல மடிப்பு மடிப்பாக ஒன்று, உடம்பெல்லாம் இலையும் பூவுமாக இன்னொன்று. புளி போட்டுத் தேய்த்த பித்தளையோடு வளர்ந்தவன் நான். கை பரபரத்தது, தொட விடவில்லை.

பதுங்குகுழி என்று பெயரில் இருக்கிறதே தவிர, பலவற்றைக் குழியில் உட்கார்ந்து செய்யவில்லை. எதிரி சில நூறு அடியில் இருக்கும்போது யார் சுத்தியலால் டங் டங் என்று தட்டுவார்கள்? போர்முனைக்குப் பின்னால் பட்டறை வைத்திருந்த சிப்பாய்கள், பிரிட்டிஷ் படைக்கு வேலை செய்ய வந்த சீனத் தொழிலாளர்கள் (டிராகன் செதுக்கியிருந்தால் இவர்கள் நினைவு வரட்டும்), போர் முடிந்து ஊர் திரும்பிய உள்ளூர்க்காரர்கள் என்று பலர் செய்தார்கள். 1919க்குப் பிறகு போர்க்களம் பார்க்க வந்த சுற்றுலாக்காரர்களிடம் விற்கவே செய்தவையும் ஏராளம். கூட்டைச் சூடாக்கி இளக்கி, உள்ளே கீலோ மணலோ நிரப்பி, வெளியே உளியால் தட்டினால் பூ எழும்பும். நம்மூர்ப் பாத்திரக்காரருக்குப் பழகிய வேலைதான்.

ஈப்பருக்குத் திரும்பியதும் ஒரு பழம்பொருள் கடை. ‘1915, பதுங்குகுழியில் ஒரு சிப்பாய் செய்தது’ என்று சீட்டு ஒட்டிய சாடி, அறுபது யூரோ. கவிழ்த்துப் பார்த்தேன். அடியில் குத்தியிருந்த ஆண்டு 1917! கடைக்காரர் தோளைக் குலுக்கினார்.

இந்தப் பயணத்தில் நான் கற்ற ஒரே வித்தை இதுதான், பூவை விட்டுவிட்டு அடியைப் பார்ப்பது. நடுவில் வெடிமருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் இருக்கும், அதைச் சுற்றி ஜாதகமே இருக்கும். ‘75 டி சி’ என்றிருந்தால் பிரெஞ்சுக்காரர்களின் 75 மில்லிமீட்டர் பீரங்கி, ஒல்லியாக நீளமாக இருக்கும். ‘18 பிஆர்’ என்றால் பிரிட்டிஷ் பதினெட்டு பவுண்டர் பீரங்கி, கொஞ்சம் தடிமன். கூடவே அரசாங்கச் சொத்து என்பதற்கான அம்புக்குறியும், முழு அளவு கார்டைட் வெடிமருந்து போட்டதைச் சொல்லும் ‘சிஎஃப்’ எழுத்தும் இருக்கும். கார்ல்ஸ்ரூ, மக்டெபர்க் என்று ஊர்ப்பெயரும் மாதமும் ஆண்டும் இருந்தால் ஜெர்மன் சரக்கு. ஆனால் அந்த ஆண்டு கூடு செய்த ஆண்டு. பூ அதற்கு அப்புறம் எப்போது வேண்டுமானாலும் வந்திருக்கலாம். அதனால் 1917 கூட்டில் 1915இல் யாரும் பூப்போட்டிருக்க முடியாது.

பையில் வீட்டுக்கு வாங்கிய ஃபிரிட்ஜ் காந்தம் இருந்தது. பக்கத்துச் சாடியில் வைத்தேன், பச்சக்கென்று ஒட்டிக்கொண்டது! பித்தளையில் ஒட்டாதே? செம்பு தட்டுப்பாட்டில் ஜெர்மானியர்கள் இரும்பிலும் கூடு செய்தார்கள்தான். ஆனால் இதன் அடியில் ஓர் எழுத்துகூட இல்லை. முலாம் பூசிய அலங்காரச் சாமான், விலை மட்டும் நாற்பது யூரோ.

சரி, அந்த 1917 சாடியைப் பேரம் பேசி முப்பத்தைந்துக்கு வாங்கினேன். ‘75 டி சி’ தெளிவாக இருந்தது, பிரைமர் காலி என்பதையும் பார்த்துக்கொண்டேன். வயலில் கிடப்பதை மட்டும் யாரும் தொடாதீர்கள், இன்றும் அங்கே உழும்போது வெடிக்காத குண்டுகள் வருகின்றன. கடையிலிருந்து நேராக உருளைக்கிழங்கு வறுவல், காகிதக் கூம்பில், காரமான சாமுராய் சாஸோடு. அன்றைய ராத்திரிச் சாப்பாடே அதுதான், என்ன ருசி!

எட்டு மணிக்கு, அந்தப் போரில் இறந்து கல்லறை தெரியாமல் போன சிப்பாய்களின் நினைவாகக் கட்டிய மெனின் வாயிலில் கொம்பு ஊதினார்கள். 1928இலிருந்து ஊதுகிறார்கள். சுவரில் உள்ள ஐம்பத்து நாலாயிரத்துச் சொச்சம் பெயர்களுக்கிடையே இந்தியச் சிப்பாய்களைத் தேடினேன். கிடைத்தார்கள். ஆனால் கையில் சாடிப்பையோடு நிற்கக் கூச்சமாக இருந்தது.

அப்புறம்தான் விமான நிலையம் உறைத்தது. காலித் தோட்டா பையில் இருந்தாலே நம்மூரில் போலீஸ் வழக்கு வரலாம். பிரஸ்ஸல்ஸ் நண்பன் வீட்டில் விட்டுவிட்டு வந்தேன். அவன் மனைவி அதில் மரக்கரண்டிகளைப் போட்டு அடுப்பு மேடையில் வைத்திருக்கிறாராம், போட்டோ வந்தது. பளபளவென்று தேய்த்து வேறு வைத்திருக்கிறார்!