வெல்டிங் வேண்டாத வேலை

வாலாஜா ரோடு ஸ்டேஷனில் இறங்கியபோது பக்கத்துத் தண்டவாளத்தில் நிலக்கரி கூட்ஸ் போய்க்கொண்டிருந்தது. சின்ன வயதிலிருந்தே பெட்டி எண்ணுகிற பழக்கம் எனக்கு, 58 வந்தது. ஒடிசாவில் வெட்டி, பாரதீப்பில் கப்பலேற்றி, எண்ணூரில் இறக்கி, மேட்டூர் அனல்மின் நிலையத்துக்கு இந்த வழியாகத்தான் கொண்டுபோவார்கள். வட ஆற்காட்டுக்கும் நிலக்கரிக்கும் உறவே இவ்வளவுதான், கேட் போட்டால் வண்டியை அணைத்துவிட்டு நிற்பது, என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

மாமாவின் ஷெட் முகுந்தராயபுரம் பக்கம். ராணிப்பேட்டை பெல் ஆலை, அனல்மின் நிலையங்களுக்கான துணைக் கருவிகள் செய்வது. அதை நம்பிச் சுற்றிலும் முளைத்த ஃபேப்ரிகேஷன் ஷெட்டுகளில் இதுவும் ஒன்று. மாமா பாதி ஆயுளை இ.எஸ்.பி. பாகங்களிலேயே கழித்துவிட்டார். கொதிகலனிலிருந்து புகைபோக்கிக்குப் போகிற புகையை நடுவில் மறித்து, அதிலிருக்கும் தூசுக்கு மின்னேற்றி, வரிசையாகத் தொங்கும் இரும்புத் தகடுகளில் ஒட்டவைக்கிற ராட்சதப் பெட்டி அது. சுத்தியல் தட்டத் தட்ட சாம்பல் உதிர்ந்து கீழே விழும். 99 சதவீதத்துக்கு மேல் பிடித்துவிடும். நிலக்கரி இல்லையென்றால் அந்தப் பெட்டி எதற்கு?

இந்தத் தடவை ஷெட்டில் தகடு இல்லை. சோலார் பேனலைத் தாங்குகிற ஸ்டாண்டு, பளபளவென்று அடுக்கிக் கிடந்தது.

"இன்னா மாப்ள, தூக்கிப் பாரு."

ஒரே கையில் வந்துவிட்டது.

"இதுல வெல்டிங்கே கெடையாது. ஓட்டை போட்டு நட்டு போல்ட்டு முடுக்கறதுதான். மேல துத்தநாகப் பூச்சு கீது. வெல்டு வெச்சா எரிஞ்சி பூடும், அந்தப் பொகைய இழுத்தா ராத்திரி காய்ச்சல்தான்."

"அப்போ வெல்டருங்க, மாமா?"

சுவரைக் காட்டினார். ஆணியில் மூன்று முகமூடிகள், தூசு படிந்து. ஒருவர் காட்பாடியில் ஆட்டோ ஓட்டுகிறாராம்.

நிலக்கரியைக் கைவிடும்போது அதை நம்பிப் பிழைப்பவர்களைக் கைவிடக் கூடாது, அதுதான் நியாயமான மாற்றம் என்று நான் போன கூட்டங்களில் எல்லாம் சுரங்க ஊர்களைப் பற்றித்தான் பேசினார்கள். நெய்வேலி வரும், ஜார்க்கண்ட் வரும். இந்த மூன்று முகமூடிகளை யாரும் கணக்கில் எடுத்ததில்லை, நானும் எடுத்ததில்லை.

டீ குடிக்கும்போது ஓடந்துறை கதையைச் சொன்னேன். கோவை மாவட்டத்து ஊராட்சி. 2006-ல் சொந்தப் பணமும் வங்கிக் கடனுமாக 1.55 கோடி போட்டு 350 கிலோவாட் காற்றாலை வாங்கியது. ஊர்த் தேவை போக மிச்சத்தை மின்வாரியத்துக்கு விற்றே கடனை அடைத்தது. மாமா கடைசி வாய் டீயை இறக்கிவிட்டுக் கேட்டார்: "ரிப்பேர் வந்தா யாரு பாக்கறாங்க?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அவருக்கோ யோசனை ஓட ஆரம்பித்துவிட்டது. அக்கம்பக்கத்து ஷெட்டுகள் சேர்ந்து கூரைகளில் பேனல் போட்டு, அதைப் பராமரிக்கிற வேலையைப் பழைய ஆட்களுக்கே கொடுத்தால் என்ன? வீட்டுக் கூரைக்கு ஒன்றிய அரசு 78,000 ரூபாய் வரை மானியம் தருகிறது. பட்டறைக் கூரைக்கு அந்தத் திட்டத்தில் இடமில்லை. அதைச் சொன்னதும், "அதான பாத்தேன்" என்று எழுந்துவிட்டார்.

சனிக்கிழமைக்குள் லோடு போயாக வேண்டுமாம், ஆள் போதாது. அப்புறமென்ன, ஒரு ஸ்பேனரை என் கையில் திணித்தார். நாற்பது போல்ட்டு முடுக்குவதற்குள் உள்ளங்கையில் கொப்புளம். ஆற்காட்டுக்குப் போய் மக்கன் பேடா வாங்க நினைத்திருந்தேன். ரயிலுக்கே ஓட வேண்டியதாகிவிட்டது.