பதினொன்றரை மணிப் பால்

அக்டோபர் 21, செவ்வாய்

ஐந்து நாள் பொறுக்க வேண்டுமாம். ரத்தம் உறையாமலிருக்க அம்மா சாப்பிடும் மாத்திரையை நிறுத்தி, அதன் வேகம் உடம்பை விட்டுப் போன பிறகுதான் கத்தி. "ஒடஞ்ச எலும்ப வச்சிக்கிட்டு எதுக்குட்டி காத்துக் கெடக்கணும்?" என்றாள் அம்மா. தீபாவளி முறுக்கு டப்பா கட்டிலுக்கு அடியில் இருக்கிறது. யாரும் திறக்கவில்லை.

ஆஸ்பத்திரி வராந்தாவில் மூன்றாவது நாற்காலியில் மட்டும் சிக்னல் கிடைக்கிறது.

அக்டோபர் 22, புதன்

ஆலங்குளம் பக்கத்து அண்ணாச்சியின் பால் வேலை. ஒப்புக்கொண்டது போன மாதம். அப்போது இந்த வீட்டில் எல்லாரும் நடந்துகொண்டிருந்தோம்.

வேலை என்னவோ சின்னதுதான். ஊர் ஊராகப் பால் எடுக்கும் இடங்களிலிருந்து லிட்டர், கொழுப்பு, தொட்டிச் சூடு எல்லாம் ஏற்கெனவே ஒரு போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் போய் விழுந்துகொண்டிருக்கிறது. அதைக் கிராஃபானா என்ற மென்பொருளில் வரைபடமாகக் காட்ட வேண்டும். அண்ணாச்சி அதற்குள் தன் அறைச் சுவரில் பெரிய டிவி வாங்கி மாட்டியே விட்டார்.

காலை முழுக்க 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. போர்ட் 5432 சரி, கடவுச்சொல் சரி. ரசஞ்சோறு சாப்பிடும்போதுதான் உறைத்தது. கிராஃபானா டாக்கர் பெட்டிக்குள், கணினிக்குள்ளேயே தனியாக அடைத்துவைத்த குட்டிக் கணினி மாதிரி ஒன்றுக்குள், ஓடுகிறது, தரவுத்தளம் அதே கணினியில் பெட்டிக்கு வெளியே இருக்கிறது. முகவரியில் நான் போட்டிருப்பது 'லோக்கல்ஹோஸ்ட்', 'இதே கணினி' என்று அர்த்தம். பெட்டிக்குள் இருக்கிறவனுக்கு லோக்கல்ஹோஸ்ட் என்றால் அந்தப் பெட்டிதான். தன் வீட்டுக் கதவைத் தானே உள்ளேயிருந்து தட்டிவிட்டு, யாரும் திறக்கவில்லையே என்று காலை முழுக்க உட்கார்ந்திருக்கிறான். பத்து வருஷமாக இந்த வேலை பார்க்கிறேன் என்று வெளியில் சொல்லவே கூச்சமாக இருக்கிறது.

பெட்டிக்கு வெளியே இருக்கும் கணினியைக் குறிக்கும் 'ஹோஸ்ட் டாட் டாக்கர் டாட் இன்டர்னல்' என்று மாற்றினேன். லினக்ஸில் அந்தப் பெயர் தானாக வராது, பெட்டியைக் கிளப்பும்போதே சொல்லிக் கொடுக்க வேண்டும். சொல்லியும் கொடுத்தேன். அப்போதும் மறுப்புதான். போஸ்ட்கிரெஸை நிறுவிவிட்டு எதையும் தொடாமல் விட்டால், சொந்தக் கணினிக்குள் கேட்கும் குரலுக்கு மட்டும்தான் அது காது கொடுக்கும். அந்தக் காதை டாக்கர் பக்கமும், அதாவது 172.17.0.1 பக்கமும், திறந்துவிட வேண்டும். அப்புறம் பிஜி ஹெச்பிஏ கோப்பில் யாரை எந்த வழியாக உள்ளே விடலாம் என்று ஒரு வரி. அந்த வரிக்கு ரீலோடு போதும். காதுக்கு ரீஸ்டார்ட் வேண்டும். பால் வரும் நேரத்தில் ரீஸ்டார்ட் செய்ய முடியாது. அங்கே கம்ப்யூட்டர் பார்க்கும் தம்பியிடம் ராத்திரி 10 மணிக்குச் செய்யச் சொல்லியிருக்கிறேன்.

அம்மா சாயங்காலம் உளுந்தஞ்சோறு கேட்டாள். எள்ளுத் துவையலோடு. நாளைக்குச் சித்தி கொண்டுவருவாள்.

அக்டோபர் 23, வியாழன்

இணைந்துவிட்டது. ராத்திரி 10:20-க்குப் பச்சை வரி வந்தது. சொல்ல ஆளில்லாமல் காவலாளி அண்ணாச்சியிடம் சொன்னேன். "நல்லதும்மா" என்றார்.

நோயாளிக்கு ஒரு சீட்டுதான். சித்தி தூக்குவாளியோடு கீழேயே முக்கால் மணி நேரம் நின்றாள். நான் இறங்கிச் சீட்டைக் கொடுத்துவிட்டு வேப்பமரத்தடியில் நின்றேன்.

நின்றபோது ஒரு நினைப்பு. அவசரத்தில் கிராஃபானாவுக்கு 'போஸ்ட்கிரெஸ்' என்ற பெரிய கணக்கையே கொடுத்துவிட்டேனே! அதில் எழுதும் வினவலை கிராஃபானா நல்லதா கெட்டதா என்று பார்க்காது, அப்படியே கொண்டுபோய்க் கொடுத்துவிடும். யாராவது தெரியாமல் 'டிராப் டேபிள்', அட்டவணையையே அழி, என்று எழுதினால் அண்ணாச்சியின் மூன்று வருஷப் பால் போயிற்று. மேலே வந்ததும் முதல் வேலையாகப் பார்க்க மட்டும் உரிமையுள்ள தனிக் கணக்கு ஒன்றை உண்டாக்கினேன். செலக்ட் மட்டும். தேவையான மூன்று அட்டவணைகளுக்கு மட்டும்.

அக்டோபர் 24, வெள்ளி

அண்ணாச்சி போன். சிரிக்கிறாரா கோபப்படுகிறாரா தெரியவில்லை.

"ஏம்மா, பதினோன்றரை மணிக்கு எந்த மாடும்மா பால் கறக்கு? ராத்திரி ஒன்பதரைக்கு வேற கறக்குன்னு போட்டிருக்கு."

காலை 6 மணிப் பால் 11:30-இல் நிற்கிறது. சாயங்காலம் 4 மணிப் பால் 9:30-இல். ஐந்தரை மணி நேரம். பார்த்தவுடனே தெரிந்துவிட்டது. தெரிந்தபின் வெட்கமாகவும் இருந்தது.

அட்டவணையில் நேரம் என்று இருப்பது வெறும் கடிகார எண். எந்த ஊர்க் கடிகாரம் என்ற குறிப்பு இல்லை. எழுதினவருக்கு அது நம் ஊர் மணி. கிராஃபானா அதை உலகப் பொது நேரம், யூடிசி, என்று எடுத்துக்கொள்கிறது. அப்புறம் பார்க்கிறவர் இந்தியாவில் இருக்கிறார் என்று உலாவியிலிருந்து தெரிந்துகொண்டு, நல்ல எண்ணத்தில் ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டிக் காட்டுகிறது. யாரும் பொய் சொல்லவில்லை. மாடு மட்டும் 11:30-க்குக் கறக்கிறது.

அம்மாவிடம் சொன்னேன். வலியோடு சிரித்தாள். "நம்ம செவலை இருந்தா அதும் கறந்திருக்கும். அது சொன்ன நேரத்துக்கு என்னைக்குக் கறந்தது?"

அக்டோபர் 25, சனி

காய்ச்சல் 100.2. திங்கட்கிழமை ஆபரேஷன் இல்லையாம்.

அக்டோபர் 26, ஞாயிறு

அண்ணனின் போன் தினம் சரியாக 12 மணிக்கு வரும். இன்று வரவில்லை. அம்மா 11:45-க்கே தலையணையை நிமிர்த்தச் சொல்லிவிட்டாள். 12:10-க்கு "பாரு" என்றாள். 12:30-க்கு ஒன்றும் சொல்லவில்லை, சுவர்ப் பக்கம் திரும்பப் பார்த்தாள், திரும்ப முடியாதே.

1 மணிக்கு வந்தது. அவனுக்கு எப்போதும்போல் காலை 7:30. லண்டனில் அக்டோபர் கடைசி ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் பின்னால் தள்ளுவார்கள் என்பது எனக்குத் தெரிந்த விஷயம்தான். இத்தனை நாள் நாலரை, இன்றிலிருந்து ஐந்தரை. நேரம் நேரம் என்று இரண்டு நாளாக மண்டையை உடைத்துக்கொண்டிருக்கிறேன். அம்மாவிடம் ஒரு வார்த்தை முன்கூட்டியே சொல்லத் தோன்றவில்லை.

டிக்கெட் பார்ப்பதாகச் சொன்னான். போன வாரமும் பார்த்தான்.

தூக்கம் வராமல் ஒரு கணக்கு. இந்திய நேரம் கிழக்கே 82.5 பாகையில் ஓடும் கோட்டை வைத்து. நாங்கள் இருக்கும் பாளையங்கோட்டை ஏறக்குறைய 77.7. பாகைக்கு 4 நிமிடம். கடிகாரம் 12 அடிக்கும்போது நம் தலைக்கு மேல் சூரியன் வர இன்னும் 19 நிமிடம் கிடக்கிறது, சூரியனே கொஞ்சம் முன்னே பின்னே வருவது தனி. ஆக ஐந்தரை என்பதும் நம்முடையது இல்லை.

அக்டோபர் 27, திங்கள்

திருச்செந்தூரில் இன்று சூரசம்ஹாரம். பஸ்ஸெல்லாம் பச்சையும் காவியுமாகப் போகிறது. பக்கத்துக் கட்டில் ஆச்சி காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் தவிர ஒன்றும் குடிக்கவில்லை. ஆறு நாள் விரதமாம், இந்த உடம்போடு. சிஸ்டர் கெஞ்சிப் பார்த்துவிட்டு விட்டுவிட்டார். "அவன் வேலை முடியட்டும், பிறகு கஞ்சி குடிக்கேன்" என்கிறாள் ஆச்சி.

ஐந்தரையைத் தீர்க்க இரண்டு வழி. ஒன்று, அட்டவணையில் அந்தப் பத்தியின் வகையையே நேர மண்டலத்தோடு கூடியதாக மாற்றிவிடுவது. முறையான வழி அதுதான். ஆனால் பால் எடுக்கும் பழைய மென்பொருள் அதில்தான் எழுதுகிறது. அது எந்த மண்டலத்தில் பேசிக்கொண்டு வரும் என்று யாருக்கும் தெரியாது. எழுதினவர் வேலையை விட்டுப் போய்விட்டார். ஓடுகிற மாட்டுக்கு லாடம் கட்ட நான் தயாரில்லை. இரண்டாவது வழி, அட்டவணையைத் தொடாமல் மேலே ஒரு வியூ, அட்டவணையைப் பார்க்க ஒரு ஜன்னல் மாதிரி, போட்டு, இந்த எண் 'ஆசியா/கொல்கத்தா' நேரம் என்று அங்கே சொல்லிவிடுவது. இதைத்தான் செய்தேன். பால் 6 மணிக்குத் திரும்பியது.

ஆனால் ஒரு மாத வரைபடம் திறக்க 40 நொடி. நேரப் பத்திக்கு இன்டெக்ஸ், புத்தகத்தின் பின்னால் வரும் சொல்லடைவு மாதிரி சட்டென்று தேடியெடுக்க, இருக்கிறது, உண்மைதான். வியூவில் வருவது பத்தி இல்லையே, பத்தியை வைத்துப் போட்ட கணக்கு. அந்த இன்டெக்ஸ் சும்மா நிற்கிறது. அந்தக் கணக்குக்கே தனியாக ஒரு இன்டெக்ஸ் போட்டேன். நொடிக்குள் வந்தது. ஆச்சி கஞ்சி குடித்தாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

நாளை.

அக்டோபர் 29, புதன்

உள்ளே 10:40. வெளியே 1:25. நடுவில் அண்ணன் 1 மணிக்குக் கூப்பிட்டான். நான் எடுக்கவில்லை.

அக்டோபர் 31, வெள்ளி

இதை எழுதியே ஆக வேண்டும்.

கட்டில் கால்மாட்டில் ஒரு அட்டை தொங்குகிறது. காய்ச்சல் அட்டை. காலை 6, 10, மத்தியானம் 2, சாயங்காலம் 6, ராத்திரி 10, அதிகாலை 2. நேற்று ராத்திரி முழுக்க நான் விழித்துத்தான் இருந்தேன். 2 மணிக்கு யாரும் வரவில்லை. அந்த நேரம் அம்மாவின் கழுத்தில் கை வைத்துப் பார்த்தேன், சுட்டது. என் கைதான் குளிர்ந்திருந்ததோ என்னவோ. காலையில் அட்டையைப் பார்த்தால் 2 மணிக் கட்டத்தில் 98.4. பத்து மணிக் கட்டத்திலும் 98.4. ஆறு மணியிலும். ஒரே பேனா, ஒரே சாய்வு.

யாரையும் குறை சொல்ல மனசு வரவில்லை. ராத்திரிக்கு இந்த வார்டு முழுக்க ஒரே சிஸ்டர். அந்தப் பெண்ணுக்கு என் தங்கை வயசுகூட இருக்காது, கால் வீங்கியிருக்கிறது. காலியாக விட்டால் மேலே கேட்பார்கள், எழுதியிருந்தால் கேட்கமாட்டார்கள். அவ்வளவுதான். ஆனாலும் டாக்டர் வந்து அட்டையை ஒரு பார்வை பார்த்துவிட்டு "ராத்திரி நல்லா இருந்திருக்காங்க" என்று போனபோது எனக்கு வாய் திறக்கவில்லை. ஏன் திறக்கவில்லை?

பால் வேலையிலும் இன்று இதே. ஒரு ஊர்த் தொட்டியின் கோடு தினம் இரண்டு மூன்று தடவை செங்குத்தாகக் கீழே விழுந்து எழுகிறது. பார்த்தால், கரண்ட் போகும்போது சூடுமானி பேசாது. பழைய மென்பொருள் அந்த இடத்தில் 0 என்று எழுதிவைக்கிறது. 4 டிகிரியில் இருக்க வேண்டிய பால் 0-வுக்குப் போனதாக வரைபடம் சொல்கிறது. ஒரு நாளும் நடக்காத எண்ணாக இருந்தால் பரவாயில்லை. பால் உறைவது 0-வுக்கு அரை டிகிரி கீழேதான், ஆக 0 நடக்கக் கூடிய எண். நம்பிவிடலாம். அதுதான் கொடுமை. கரண்ட் போய்த் தொட்டி சூடேறிக்கொண்டிருக்கும் அதே நேரத்தில் சராசரியைக் குளிர்த்திக் காட்டுகிறது.

வியூவில் 0 எல்லாவற்றையும் நல் ஆக்கினேன். நல் என்றால் பூஜ்யம் இல்லை, தெரியாது என்று அர்த்தம். கிராஃபானாவில் இந்த ஓட்டைகளை என்ன செய்யட்டும் என்று ஒரு கேள்வி உண்டு: இரண்டு பக்கத்தையும் சேர்த்துக் கோடு இழுக்கலாம், அல்லது விட்டுவிடலாம். அந்தத் தம்பி, "அக்கா, சேத்துருங்க, கோடு அத்துப்போய்க் கெடந்தா அண்ணாச்சி கேப்பாரு" என்றான்.

கேட்கட்டும் என்றேன். கொஞ்சம் சத்தமாகவே சொல்லிவிட்டேன் போல. வராந்தாவில் திரும்பிப் பார்த்தார்கள்.

நவம்பர் 1, சனி

மருந்துக்கடையில் தெர்மாமீட்டர் வாங்கினேன்.

நவம்பர் 2, ஞாயிறு

அண்ணாச்சி கேட்டார். கோடு ஏன் அறுந்து கிடக்கிறது என்று. கரண்ட் போன நேரம் என்றேன். ரொம்ப நேரம் பேச்சில்லை. "அந்த ஊர்ல ஜெனரேட்டர் ஓடுதுன்னு மாசாமாசம் டீசல் கணக்கு எழுதுதானே" என்றார். அது எனக்குத் தெரியாத விவகாரம். போனை வைத்துவிட்டேன்.

சாயங்காலம் மறுபடி. ஐந்து நொடிக்கு ஒரு தடவை டிவி தானாகப் புதுப்பித்துக்கொள்ள வேண்டுமாம். தொட்டிகளிலிருந்து கணக்கு வருவதே பத்து நிமிடத்துக்கு ஒரு தடவைதான் அண்ணாச்சி, ஐந்து நொடிக்கு ஒரு தடவை எட்டிப்பார்த்து என்ன தெரியப்போகிறது, தரவுத்தளத்துக்குத்தான் மூச்சு வாங்கும் என்று விளக்கினேன். ஐந்து நிமிடம் என்று முடிந்தது.

ராத்திரி 8-க்கும் 10-க்கும் நடுவில் அம்மாவுக்கு ஆறு தடவை காய்ச்சல் பார்த்திருக்கிறேன். ஏழாவது தடவை கையைத் தட்டிவிட்டாள்.

நவம்பர் 3, திங்கள்

வாக்கரைப் பிடித்து நான்கு எட்டு. பிறகு அழுதாள். மழை.

நவம்பர் 5, புதன்

ஐப்பசிப் பௌர்ணமி. கோயிலில் அன்னாபிஷேகம். சித்தி இலையில் கொஞ்சம் சாதம் கொண்டுவந்தாள். அம்மா இரண்டு பருக்கை எடுத்து வாயில் போட்டாள்.

அண்ணன் டிக்கெட் எடுத்துவிட்டான். பதினைந்தாம் தேதி. அவன் பதினைந்தா, நம் பதினைந்தா என்று கேட்டேன். சிரித்தான். நான் சிரிக்கக் கேட்கவில்லை.

ராத்திரி 10: 100.4. சிஸ்டரிடம் காட்டினேன். அட்டையில் எழுதிக்கொண்டார். ரத்தம் எடுத்துப் போனார்கள்.

நவம்பர் 6, வியாழன்

அதிகாலை 12: 100.8.

2: 100.1. நானே பார்த்தேன்.

4: தூங்கிவிட்டேன். காலியாகவே விடுகிறேன்.

6: 99.2.