எழுதியவர் பெயர் தெரிந்தால் அது நாட்டுப்பாட்டு இல்லையா?

நாட்டுப்புற இசை என்று பேச்செடுத்தாலே யாராவது இரண்டு நிபந்தனை போட்டுவிடுகிறார்கள். எழுதியவர் யாரென்று தெரியக் கூடாது, வாய்வழியாக மட்டுமே வந்திருக்க வேண்டும். இரண்டையுமே நான் ஒத்துக்கொள்வதில்லை.

‘பார்பரா ஆலன்’ என்ற பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். சாகக் கிடக்கும் காதலனிடம் இரக்கம் காட்டாமல் போய்விட்டு, பிறகு தானும் செத்துப்போகும் ஒரு பெண்ணின் கதை அது. ஆங்கில நாட்டுப்பாடல் என்றால் முதலில் நினைவுக்கு வருகிறவற்றில் அதுவும் ஒன்று. ஆனால் அதைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய குறிப்பு 1666 ஜனவரியில் லண்டனில் அரசு அதிகாரியாக இருந்த சாமுவேல் பீப்ஸ் எழுதிய நாட்குறிப்பில் இருக்கிறது, அங்கே அதைப் பாடுகிறவர் லண்டன் மேடையில் நடித்துக்கொண்டிருந்த ஒரு நடிகை. அப்புறம் அது ஒற்றைத் தாளில் அச்சாகித் தெருவில் விற்றது, கடல் தாண்டியது. 1916 முதல் 1918 வரை செசில் ஷார்ப்பும் மாட் கார்பலஸும் அமெரிக்காவின் அப்பலாச்சியன் மலைப்பகுதியில் பாட்டு சேகரித்தபோது, அங்கே அதைப் பல மெட்டுகளில் பாடிக்கொண்டிருந்தார்கள். ஒரு வடிவத்தில் காதலன் மே மாதத்தில் சாகக் கிடக்கிறான், இன்னொன்றில் இலையுதிர் காலத்தில். இரண்டு கல்லறைகளிலிருந்தும் ரோஜாவும் முட்செடியும் முளைத்துப் பின்னிக்கொள்ளும் முடிவு சிலவற்றில் உண்டு, சிலவற்றில் இல்லை. மேடை, அச்சு, வாய் என்று மூன்றிலும் புழங்கிய பாட்டு இது. கலப்பே கூடாது என்றால் இதையே வெளியே தள்ள வேண்டியிருக்கும்.

சர்வதேச நாட்டுப்புற இசை மன்றம் 1954இல் ஒரு வரையறை கொடுத்தது: தொடர்ச்சி, மாறுபாடு, சமூகம் செய்யும் தேர்வு. தனி ஒருவர் இயற்றியது கூட மக்களின் எழுதா மரபில் கலந்துவிட்டால் நாட்டுப்புற இசைதான் என்று அதிலேயே சொல்லியிருக்கிறார்கள், உள்ளது உள்ளபடியே எடுத்துப் பாடி மாறாமல் இருப்பதைத்தான் விலக்கினார்கள். எனக்கு இதில் மாறுபாடுதான் உயிர். பாடுகிறவர் ஒரு வரியை விடலாம், பெயரை மாற்றலாம், அதற்கு யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம்.

சரி, இப்படிப்பட்ட பாட்டு அழியாமல் பிழைத்திருப்பது எப்படி? பதிவு செய்து வைத்துவிட்டால் போதும் என்கிறவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. ஸ்காட்லாந்தின் மேற்குத் தீவுகளில், நெய்து முடித்த கம்பளித் துணியை நனைத்து, மேசையின் இரு பக்கமும் பெண்கள் உட்கார்ந்து, பலகையில் அடித்து அடித்துக் கைமாற்றிக்கொண்டே போவார்கள், துணி இறுகிக் கெட்டிப்படும்வரை. ஒருத்தி ஒரு வரி எடுத்துக் கொடுக்க, மற்றவர்கள் பொருளற்ற அசைகளால் ஆன பல்லவியைச் சேர்ந்து பாடுவார்கள். அடிதான் தாளம். இடையில் கூட்டத்தில் இருக்கும் கல்யாணமாகாத பெண்ணின் பெயரையும் ஒரு பையனின் பெயரையும் கோத்துவிட்டுக் கேலி செய்வதும் உண்டு. அந்த வேலையை இயந்திரம் எடுத்துக்கொண்டது, பாட்டுக்கான சந்தர்ப்பமும் போயிற்று. 1951இல் எடின்பரோ பல்கலைக்கழகத்தில் தொடங்கிய ஸ்காட்டிஷ் ஆய்வுத் துறை அந்தப் பாட்டுகளை ஒலிநாடாவில் பதிந்து வைத்தது மிகப் பெரிய உபகாரம், அது இல்லையென்றால் பல மெட்டுகள் நமக்குக் கிடைத்தே இருக்காது.

ஆனால் நாடாவில் இருப்பது ஒரு நாள், ஒருத்தி, ஒரு விதமாகப் பாடியது மட்டும்தான். அதைக் கேட்டுக் கற்று இன்று மேடையில் பாடுகிறவர்கள் அந்தப் பழைய பெயர்களையே ஏன் திரும்பச் சொல்ல வேண்டும்? எதிரே உட்கார்ந்திருக்கும் ஆட்களின் பெயரைக் கோத்துப் பாடட்டும். அது மூலத்தில் இல்லையே என்று யாராவது வந்தால், அவரோடு விடிய விடிய வாதாட நான் தயார்.