மூச்சின் வழியே ஒரு கொள்ளை நோய்

டால்பின்கள் நெருங்கி நீந்தி, சேர்ந்தாற்போல் மேலே வந்து மூச்சுவிடும் அழகை எத்தனை முறை பார்த்தாலும் சலிக்காது. அந்த நெருக்கத்தில், அந்த மூச்சின் வழியேதான் மார்பிலிவைரஸ் பரவுகிறது என்று படித்ததிலிருந்து மனம் கனக்கிறது.

நம் தட்டம்மைக் கிருமிக்கு உறவான வைரஸ் அது. நுரையீரலையும் மூளையையும் தாக்கும். நோய் எதிர்ப்பு ஆற்றலைக் குலைத்து மற்ற கிருமிகளுக்கும் வழி திறந்துவிடும். 2013 முதல் 2015 வரை அமெரிக்காவின் அட்லாண்டிக் கரையோரம் 1,600-க்கும் மேற்பட்ட டால்பின்கள் ஒதுங்கின. பெரும்பாலானவை பிணங்களாக. கடலுக்குள்ளேயே மூழ்கிப்போனவற்றை யார் எண்ணினார்கள்?

ஹவாயில், அழியும் நிலையிலுள்ள துறவிச் சீல் என்னும் கடல்நாய்களுக்கு இதற்கெதிராக 2016-இல் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். மணலில் படுத்துறங்கும் உயிர், அருகே போக முடிகிறது. டால்பின் கரையேறாதே!