ஐந்து நிமிஷ ஓட்டம்

மார்ச் 9, ஞாயிறு

ஏற்காட்டு ரோட்டில் இறக்கத்தில் முப்பது விநாடி முழு வேகம், பத்துத் தடவை. ஏறி வரும்போது நடை. "காலை விடு, வேகம் தானா வரும்" என்றார் கோச் சார். விட்டேன். 400 மீட்டரில் கடைசி நூறில் நான் செத்துப்போவதற்கு இதுதான் மருந்தாம். மேலே எஸ்டேட் பக்கம் காபிப் பூ வாசம். திரும்பி வந்து ரெண்டு தட்டுவடை செட். நல்ல நாள்.

மார்ச் 10, திங்கள்

மாடிப்படி பதினெட்டு. ஏற முடிகிறது, இறங்கத்தான் முடியவில்லை. உட்கார்ந்து உட்கார்ந்து இறங்கினேன், குழந்தை மாதிரி.

மார்ச் 11, செவ்வாய்

தொடை பலகை. கோச் சாருக்குப் போன் போட்டால், "லாக்டிக் ஆசிட்மா, லேசா ஓடு, கரைஞ்சிரும்." ஓடவில்லை. நேற்றிலிருந்து வலி மாத்திரை மூன்று.

மதியம் சிறுநீர் கடுங்காப்பி நிறம். தேதி முன்னாலேயே வந்துவிட்டதோ என்று பார்த்தேன். இல்லை. அம்மா கீழே கொலுசுக்குச் சலங்கை கோத்துக்கொண்டிருந்தாள். சொல்லவில்லை.

இரவு சொல்லிவிட்டேன்.

மார்ச் 12, புதன்

ட்ரிப்ஸ். நான்காவது பாட்டில்.

ரத்தத்தில் சிகே 18,400. இருநூறுக்குள் இருக்க வேண்டியதாம். தசைக்குள் இருக்க வேண்டிய சரக்கு, தசை கிழிந்தால் வெளியே வந்துவிடும், அதைத்தான் எண்ணுகிறார்கள். கூடவே வரும் மயோகுளோபின்தான் அந்தக் காப்பி நிறம். அது சிறுநீரகத்தில் போய்ப் படியும். டாக்டரம்மா கேட்ட முதல் கேள்வியே வலி மாத்திரை போட்டாயா என்றுதான். மூன்று என்றதும் பேனாவைக் கீழே வைத்தார். அந்த மாத்திரை சிறுநீரகத்துக்குப் போகிற ரத்தத்தையும் குறைத்துவிடுமாம்.

சிறுநீரகம் ஒழுங்காக வேலை செய்கிறதா என்று காட்டும் கிரியாட்டினின் 0.9. அது நல்ல எண். அம்மா கோட்டை மாரியம்மன் இருக்கும் திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துக் கும்பிட்டாள்.

மார்ச் 13, வியாழன்

வலி பாதியாகிவிட்டது. சிகே 26,100.

என்ன கணக்கு இது? வலி இறங்கினால் எண்ணும் இறங்க வேண்டாமா? ரெண்டும் ஒன்றாக நடக்காதாம். எதை நம்புவது என்று கேட்டேன். "சிறுநீரைப் பார்" என்றார் டாக்டரம்மா.

பார்த்தேன். டீ நிறம்.

மார்ச் 14, வெள்ளி, விடியற்காலை 2 மணி

தூக்கமில்லை. போனில் படித்துக்கொண்டே இருக்கிறேன். லாக்டேட், அதாவது கோச் சார் சொன்ன லாக்டிக் ஆசிட், ஓடி முடித்து ஒரு மணி நேரம் போல ஆனாலே ரத்தத்தை விட்டுப் போய்விடும். மறுநாள் தொடங்கி ரெண்டாம் மூன்றாம் நாள் உச்சத்துக்குப் போகிற வலிக்கு அது எப்படிக் காரணமாகும்? தசைநாருக்குள் கிழிசல்தான் வலி என்று தியோடர் ஹஃப் என்ற அமெரிக்கர் 1902லேயே எழுதிவிட்டார். நம் மைதானத்துக்கு இன்னும் தகவல் வரவில்லை.

ஏற்றத்தில் தொடைத் தசை சுருங்கிக்கொண்டே இழுக்கிறது, மூச்சு வாங்கும், அவ்வளவுதான். இறக்கத்தில் அதே தசை நீண்டுகொண்டே இழுத்துப் பிடிக்க வேண்டும். பிரேக். அன்று திரும்பி வந்த பஸ்ஸில் இருபது கொண்டை ஊசி வளைவும் முடிவதற்குள் பிரேக் தீய்ந்த வாடை வந்ததே, ஜன்னலைத் திறந்துவிட்டுச் சிரித்துக்கொண்டிருந்தோம்.

தசைநார் சங்கிலி மாதிரியாம், நீள்கிறபோது எல்லாக் கண்ணியும் சமமாக நீளாதாம். வலுவில்லாதது முதலில் விட்டுக்கொடுக்கும், பாரம் பக்கத்துக் கண்ணிக்குப் போகும். அம்மாவிடம் சொன்னேன். "இதுக்கா இவ்ளோ படிக்கோணும்? கொலுசு அப்பிடித்தான் அறும்" என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

முப்பது விநாடி, பத்துத் தடவை. மொத்தமே ஐந்து நிமிஷம்.

மார்ச் 15, சனி

14,800. மஞ்சள். வெறும் மஞ்சள். அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன், கருமம் என்றாள், ஆனாலும் எட்டிப் பார்த்தாள்.

மார்ச் 16, ஞாயிறு

8,900. வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மார்ச் 18, செவ்வாய்

நாகலூர்க்காரி வந்தாள். அதே ரோடு, அதே பத்துத் தடவை, மறுநாளே ஸ்டேடியத்துக்கு ஓடப் போனவள். அவளைப் பார்க்கப் பார்க்க எரிச்சல். பள்ளிக்கூட நாளில் அவள் தினமும் மலைச்சரிவில் ஓடி இறங்கியவள். ஒரு முறை கொஞ்சமாக அடிபட்ட தசை அடுத்த முறைக்குத் தயாராகிவிடும், அந்தக் காப்பு வாரக்கணக்கில் நிற்கும் என்கிறார்கள். அப்படியானால் எனக்கும் முந்தின வாரம் ரெண்டே தடவை இறக்கியிருந்தால் போதும். ரெண்டு! யாரிடம் போய்ச் சொல்வது.

"அக்கா, ஞாயித்துக்கெழமை செலெக்ஷனுக்கு வருவீங்கல்ல?" என்றாள். இளநீரை அவளே குடித்துவிட்டுப் போனாள்.

மார்ச் 19, புதன்

2,150. கோச் சார் போன். எடுக்கவில்லை.

மார்ச் 20, வியாழன்

எடுத்தேன். "ட்ரிப்ஸ் ஏத்துனதுனால ஒடம்பு புதுசா இருக்கும், வா" என்கிறார். கோபம் வரவில்லை. அதுதான் பயமாக இருக்கிறது, போய்விடுவேன் போலிருக்கிறது.

சிகே ஆயிரத்துக்குக் கீழே வரும்வரை ஸ்பைக்ஸ் ஷூவைத் தொடக்கூடாது என்று டாக்டரம்மா சொன்னதாக அம்மா பக்கத்து வீட்டிலெல்லாம் சொல்லிவைத்திருக்கிறாள். ஸ்பைக்ஸ் எங்கே என்று தெரியவில்லை. அரிசி டிரம்மில் இல்லை, பார்த்துவிட்டேன்.

மார்ச் 21, வெள்ளி

மாடிப்படி. கைப்பிடியைத் தொடாமல் பதினொன்று வரை.