வைன் சுவைச் சோதனை: புளிப்பைக் குறைத்து எழுதாதீர்கள்

பெறுபேறு வந்த கையோடு எழுதுகிறேன். டபிள்யூஎஸ்இடி என்ற வைன் கல்வி நிறுவனத்தின் மூன்றாம் நிலைச் சோதனை, தியரியும் சுவைத்தலும் என்ற இரண்டு பிரிவும் பாஸ். பெரிய ஆறுதல். நிலாவெளி, உப்புவெளி ஹோட்டல்களில் வேலை செய்துகொண்டே அடுத்த முறைக்கு ஆயத்தமாகும் தம்பி தங்கச்சிமாருக்காக இது. தியரிக்கு எல்லாரிடமும் நோட்ஸ் இருக்கிறது. இரண்டு கிளாஸ் வைனைச் சுவைத்து 30 நிமிடத்தில் விவரித்து எழுதும் பிரிவு பற்றி மட்டும் சொல்கிறேன்.

திருகோணமலையில் இருந்து படிக்கிறவர் வைனின் புளிப்பைக் குறைத்தே எழுதுவார். அதற்குக் காரணம் இரண்டு.

முதலாவது, எங்கள் நாக்கு. மீன்குழம்புக்குப் பழப்புளி, சொதிக்குத் தேசிக்காய், பச்சை மாங்காய்க்கு உப்பும் தூளும் என்று வளர்ந்த நாக்குக்கு நியூசிலாந்து மால்பரோ சோவினியோன் பிளாங் என்ற வெள்ளை வைனின் புளிப்பு ‘மீடியம்’ என்றுதான் படும். சரியான விடை ‘ஹை’. உலகத்து மற்ற வைன்களோடு ஒப்பிட்டால் இது எங்கே நிற்கிறது என்பதுதான் கேள்வி. வீட்டுக் குழம்போடு ஒப்பிட்டால் புள்ளி போகும்.

இரண்டாவது, வெக்கை. வைன் சூடேறினால் அற்ககோலும் இனிப்பும் முன்னுக்கு வரும், புளிப்பு மழுங்கும். புத்தகத்தில் ‘அறை வெப்பநிலை’ என்று எழுதியிருப்பது ஐரோப்பாவின் குளிர்ந்த அறையை. இங்கே மே தொடங்கி செப்டெம்பர் வரை மேசையில் நிற்கும் சிவப்பு வைன் 30 பாகையில் நிற்கும். அதைக் குடித்துப் பழகினால் எல்லாச் சிவப்பும் ஒரே மாதிரிக் காரமாக, தட்டையாகத்தான் தெரியும்.

அதனால் முதலில் வாங்கவேண்டியது ஒரு சமையல் தெர்மோமீட்டர். கனமான சிவப்புக்கு 15 முதல் 18 பாகை, ஓக் பீப்பாயில் இருந்த வெள்ளைக்கு 10 முதல் 13, மெல்லிய வெள்ளைக்கு 7 முதல் 10. வாளியில் பாதி ஐஸ், பாதி தண்ணீர் போடுங்கள். வெறும் ஐஸ் கட்டிகளுக்கு இடையில் காற்று நிற்பதால் போத்தல் மெதுவாகத்தான் குளிரும். சிவப்பை வைத்து 8 நிமிடம் கழித்து அளக்கத் தொடங்குங்கள். கூடக் குளிர்ந்தால் மணம் மூடிக்கொள்ளும், துவர்ப்பு முரடாகும். 50 மில்லி ஊற்றல் எங்கள் காற்றில் கடகடவென்று சூடேறும். ஆகவே ஒரு கிளாஸை எழுதி முடித்த பிறகே அடுத்ததை ஊற்றுங்கள்.

இனி, புளிப்பை அளக்கும் முறை. ‘புளிக்கிறதா?’ என்று நாக்கைக் கேட்காதீர்கள். வாயூறுவதைக் கவனியுங்கள். ஒரு மிடறு எடுத்து, வாய் முழுக்க ஐந்து விநாடி சுழற்றி, துப்பிவிட்டு, தலையைக் குனிந்து வாயை மூடுங்கள். தாடையின் இரு பக்கத்திலும் எச்சில் ஊறும். எவ்வளவு வேகமாக வருகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது என்று எண்ணுங்கள். பழக்கம் நாக்கை ஏமாற்றும். எச்சில் அவ்வளவு லேசில் ஏமாறாது.

இதைப் பழக வைன் தேவையில்லை. மூன்று கிளாஸில் 200 மில்லி தண்ணீர் வீதம் எடுத்து 10, 20, 30 மில்லி தேசிக்காய்ச் சாறு விடுங்கள். ஒவ்வொன்றுக்கும் எச்சில் எண்ணிக்கையைக் குறியுங்கள். பிறகு மூன்றாவதில் இரண்டு தேக்கரண்டி சீனி கலந்து திரும்பப் பாருங்கள். நாக்கு ‘புளிப்புக் குறைந்துவிட்டது’ என்று சொல்லும். எச்சிலோ முன்போலவே ஊறும். இனிப்புள்ள ஜெர்மன் ரீஸ்லிங் வைனில் ஆட்கள் விழுவது சரியாக இந்த இடத்தில்தான். கிழமையில் ஐந்து நாள் தேசிக்காய், ஒரு நாள் வைன் என்று வைத்தால் காசும் மிஞ்சும்.

துவர்ப்பில் எங்களுக்கு வாய்ப்பு அதிகம். கசப்பும் துவர்ப்பும் வேறு என்பதைப் பாக்கு மென்ற வாய்க்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. அளவு பிடிபட, ஒரே அளவு தேயிலையை 3, 6, 10 நிமிடம் ஊறவிட்டு, சீனியில்லாமல் ஆறவைத்துக் குடித்துப் பாருங்கள். ஈறு இறுகுவதைக் கவனியுங்கள்.

வாசனைச் சொற்களில் சில பொறிகள்:

– டபிள்யூஎஸ்இடி தரும் வாசனைச் சொற்பட்டியலில் உள்ள ‘கூஸ்பெரி’ எங்கள் நெல்லிக்காய் அல்ல. அது ஐரோப்பியச் செடி, வேறு குடும்பம். நெல்லியை நினைத்து முகர்ந்தால் கிடைக்காது. சோவினியோன் பிளாங்கில் கொடித்தோடையைத் தேடுங்கள், உடனே பிடிபடும்.
– பிளாக்கரன்ட் இங்கே விளையாது. ரைபினா போத்தலைத் திறந்து முகர்ந்து மனதில் பதியுங்கள்.
– கராம்பு, கறுவா, சாதிக்காய் மூன்றும் குசினியிலேயே உண்டு. கண்ணை மூடி வேறுபடுத்தப் பழகுங்கள்.
– காய்ந்த தேங்காய்த் துருவல் மணம் வந்தால் அமெரிக்க ஓக்கை நினையுங்கள்.
– கறுத்தக்கொழும்பான் என்று எழுதாதீர்கள். ‘மாங்கோ’ போதும். பட்டியலில் உள்ள சொல்லே பாதுகாப்பு.

பயிற்சிப் போத்தலை வெயில் படும் தட்டில் இருந்து எடுக்காதீர்கள். தக்கை மேலே தள்ளியிருந்தாலோ, கழுத்தில் பிசுபிசுப்பு இருந்தாலோ, இளம் வெள்ளை பழுப்படித்திருந்தாலோ அது வெக்கையில் வெந்த வைன். அதில் படித்தால் அவித்த பழத்தின் மணத்தை அந்தத் திராட்சையின் குணம் என்று மனம் பதிந்துவிடும், பிறகு அழிப்பது கஷ்டம். ஒரு போத்தலில் 50 மில்லி வீதம் 15 பேருக்கு வரும். ஐந்து பேர் சேர்ந்தால் மூன்று தடவை. திறந்தவுடனேயே மிச்சத்தைச் சிறிய போத்தலில் விளிம்புவரை நிரப்பி மூடி பிரிட்ஜில் வையுங்கள். காற்று இல்லாவிட்டால் சில நாள் தாங்கும். போயாவன்று (பௌர்ணமி நாளில்) கடை பூட்டு, முன்கூட்டியே வாங்குங்கள்.

உங்கள் விருப்பத்துக்கும் கொப்பியில் இடம் வேண்டும், ஆனால் தனிப் பக்கத்தில். இடப்பக்கம்: பிடித்ததா, ஏன். வலப்பக்கம்: சமநிலை, நீட்சி, செறிவு, பல்வகைமை. தரத்தை முடிவு செய்வது வலப்பக்கம் மட்டும். தொடக்கத்தில் இனிப்பும் பழவாசமும் பிடிப்பது குற்றமில்லை. இனிப்பில்லாத ஸ்பானிய வைனான பீனோ ஷெரியை முதல் மிடறில் வெறுக்கிறவர்கள் ஏராளம், ஆனாலும் நல்ல பீனோ நல்ல வைன்தான். இருபது வைன் எழுதியபின் இடப்பக்கத்தை மட்டும் வாசியுங்கள். பிடித்தவற்றுக்கெல்லாம் பொதுவாக ஒன்று இருக்கும்: சீனி, மென்மையான துவர்ப்பு, அல்லது ஓக். உங்கள் கை எந்த வைனுக்குத் தாராளமாகப் புள்ளி போடும் என்பது அதில் தெரிந்துவிடும். எனக்கு இது வகுப்பைவிடப் பயன்பட்டது.

சோதனை நாள்:

– இரவு பஸ்ஸில் போய்க் காலையில் எழுத வேண்டாம். முதல் நாளே போய்த் தங்குங்கள்.
– பல் துலக்கி ஒரு மணித்தியாலமாவது இடைவெளி. சம்பல் வேண்டாம், பாணும் வாழைப்பழமும் போதும்.
– வாசனைத் திரவியம் பூசாதீர்கள்.
– ஒரு வைனுக்கு 13 நிமிடம், மிச்சம் 4.
– எந்தத் திராட்சை என்று ஊகிக்காதீர்கள். இந்த நிலையில் அதற்குப் புள்ளி இல்லை, நேரம்தான் போகும்.
– ஒரு கோட்டையும் வெறுமையாக விடாதீர்கள்.
– கடைசி 4 நிமிடத்தில் முதல் கிளாஸுக்குத் திரும்பினால் மணத்தில் விட்டுப்போன சொற்களை மட்டும் சேருங்கள். அதற்குள் வைன் சூடேறியிருக்கும், புளிப்பைக் குறைத்து எழுதக் கை போகும். முதலில் எழுதியதை அப்படியே விடுங்கள்.